வெப்பக் கணக்கு

பிப்ரவரி, இரண்டாம் வாரம்.
வருஷத்துக்கு ஒருநாள் இந்தக் கட்டடத்துக்கு வருகிறேன்.
ஒருகாலத்தில் நூற்பாலை. இன்று நான்கு மாடி முழுக்க
கலைஞர்களுக்கு வாடகைக்கு.
எனக்கு வேண்டியது
ரேடியேட்டரின் நெற்றியில் ஒட்டிய
சின்னக் கருவி காட்டும் எண்,
கீழே ஒரு கையெழுத்து.
காபி வேண்டாம்.

இந்த ஊரை எழுதுவது லோட்ஸ், சொல்வது வூச்.
படகு என்று அர்த்தம்.
வெளியூர்க்காரர்கள் ஆறு எங்கே என்பார்கள்.
ஆலை முதலாளிகள் அதைக் குழாய்க்குள் தள்ளி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
நீங்கள் நிற்பது அதன்மேல்தான் என்பேன்.

முதல் கதவு, போகுமிலா.
உதட்டில் விரல் வைத்தபடி திறந்தாள்.
திரையில் ஒரு படைவீரன்
ஓசையே இல்லாமல் பனியில் நடக்கிறான்.
அவள் மடியில்
உருளைக்கிழங்கு மாவு அடைத்த தோல்பை.
அவன் அடிவைக்கும்போதெல்லாம் பிசைகிறாள்.
மொறுக்.
மொறுக்.
ஜன்னலுக்கு வெளியே முழங்கால் ஆழம் அசல் பனி.
'அது மைக்கில் பனி மாதிரி கேட்காது' என்றாள்.
அடுத்த அடிக்கு இடதுகாலைக் கொஞ்சம் தாமதித்தாள்.
'குண்டு பட்டிருக்கிறது. அவனுக்கு இன்னும் தெரியாது.
என் கைக்கும் தெரிந்துவிடக் கூடாது.
அதுதான் கஷ்டம்.'
சூடேறினால் குழாய் டிக் டிக்கென்று பேசுமாம்.
மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.
பூஜ்யம் என்று எழுதினேன்.
படிவம் கேட்டது: கருவி பழுதா?

இரெனேயுஷ் எழுத்துரு வரைபவர்.
பேருந்து நிறுத்தக் கால அட்டவணைக்கு
ஒரே எழுத்தின் குறுக்குக்கோட்டை
நவம்பரிலிருந்து சாய்த்துக்கொண்டிருக்கிறார்.
எப்படித்தான் தோன்றுமோ என்றேன், பேச்சுக்கு.
'கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஒருத்தி,
கையில் பை, கடைசிப் பேருந்து.
அவளை நினைத்துக்கொள்வேன்.
அவளுக்கு எழுத்து தெரியக் கூடாது. நேரம் தெரியணும்.'
பிறகு என் தாளை எட்டிப் பார்த்தார்.
'உங்கள் ஏழு நன்றாயிருக்கிறது.'

இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன்.
ஏழைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை.
மாடிப்படியில் நின்று இன்னொன்று எழுதிப் பார்த்தேன்.
சரியாக வரவில்லை.

மூன்றாம் மாடியில் எட்டு நடனக்காரர்கள்
தரையில் கிடந்தார்கள், பிணம்போல.
தோப்ராவா மட்டும் சுவரில் சாய்ந்து
ஊறுகாய் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.
இடைவேளையா?
'இல்லையே, இதுதான் இரண்டாம் காட்சி.'
காலைத் தூக்கித் தூக்கி
அவர்களைத் தாண்டிப் போய் எண் எடுத்தேன்.
ஒருவன் கண் திறக்காமலே சிரித்தான்.
தோப்ராவா உடனே: 'அதை வைத்துக்கொள்.'

கடைசிக் கதவு திமோத்தேயுஷ்.
கட்டடத்திலேயே பெரிய எண் இங்கேதான்.
நான்கு ரேடியேட்டர், நான்கும் முழுத் திறப்பில்.
பியானோ மூடிமேல் ரொட்டித் துணுக்கு.
மேஜையில் கோடிட்ட தாள்.
கோடுகள் மிக நேர்த்தி.
'எவ்வளவு?'
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.
கொஞ்சநேரம் எண்ணையே பார்த்தார்.
'இந்த வருஷம் நான் செய்தது இது ஒன்றுதான்.'

இதற்கு என்ன சொல்வது?
பேனாவை நீட்டினேன்.
வாங்கியவர் கையெழுத்துக் கட்டத்துக்கு
ஒரு விரல்கடை மேலே
அதை நிறுத்தி வைத்திருந்தார்.
ஒரு நிமிஷம். இரண்டு.
எனக்கு இன்னும் ஒன்பது கட்டடம் பாக்கி.
இருந்தும் உட்கார்ந்தேன்.
அறை இதமாயிருந்தது.

அப்போது குழாய் வழியாக,
மூன்று தளம் கீழிருந்து,
யாரோ பனியில் நடந்து வந்தார்கள்.
மொறுக்.
மொறுக்.
கொஞ்சம் பொறுத்து,
மொறுக்.

அவர் தலை சாய்ந்தது.
பேனா முனை தாளைத் தொட்டதா என்று
நான் பார்க்கவில்லை.

'இடதுகால்' என்றார். 'நொண்டுகிறான்.'

ஆமாம் என்றேன்.
அவனுக்கு இன்னும் தெரியாது.